நிதானமாக வாழ ஒரு சின்ன ஊர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பன்னிரண்டு வருட ஐடி வேலை, தினமும் சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசல். சோற்றைக்கூட போனைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறேன். போதும் என்று தோன்றிவிட்டது.

இத்தாலியில் 1999இல் 'சிட்டாஸ்லோ' என்று நிதானமான ஊர்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். மக்கள்தொகை 50,000க்குள் இருந்தால்தான் உறுப்பினராக முடியும். உள்ளூர் விளைச்சல், வண்டி இரைச்சல் குறைவு, நடந்தே போகும் தெருக்கள், இதெல்லாம்தான் அவர்கள் கணக்கு. அதே அளவுகோலில் நம் பக்கம் ஓர் ஊர் தேடுகிறேன், ஆறு மாதம் வாடகைக்கு. ஆழ்வார்குறிச்சி, தரங்கம்பாடி இரண்டும் மனதில் இருக்கின்றன.

அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்: வாடகை எவ்வளவு? இணையம் ஒழுங்காக வருமா? (பகுதிநேர வேலையை விடவில்லை, வீட்டில் திட்டுவார்கள்.) அப்புறம், தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தருவார்களா?