டிஜெரிடூ வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வினில் இருக்கிறேன். இங்குள்ள பழங்குடி மக்கள் ஊதும் நீண்ட மரக்குழலான டிஜெரிடூவை நான்கு மாதமாகப் பழகுகிறேன். கரையான் உள்ளே அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரத்தில் செய்தது, வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு.

இடைவிடாமல் ஊதுவது ஓரளவு வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு, கன்னத்தில் அடக்கிய காற்றைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்துப் பழகினேன். குமிழி நிற்பதில்லை. ஆனால் கருவியில் மட்டும், மூச்சிழுக்கும் இடத்தில் சுருதி தொய்கிறது. உதட்டை இறுக்கினால் ஒலியே போய்விடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

அப்புறம் தாளம். இணையத்தில் நான் பார்த்த பாடமெல்லாம் ஒரே ‘வூ வா வூ வா’. எனக்கு வேண்டியது இங்கிருந்து கிழக்கே உள்ள ஆர்னெம் லாண்டின் வடகிழக்கில் யொல்ங்கு என்ற பழங்குடி மக்கள் வாசிக்கும் முறை. அவர்கள் இதை யிடாக்கி என்கிறார்கள். அதில் நாக்குக்கு ஓயாத வேலை. நடுவே எக்காளம் போல ஒரு மேல்சுரம் வெட்டென்று வந்துபோகும். எனக்கு அது பத்தில் இரண்டு முறைதான் வருகிறது. வந்தாலும் அடிச்சுருதிக்குத் திரும்ப முடிவதில்லை. மேற்கு ஆர்னெமில் மாகோ (அங்கே டிஜெரிடூவுக்கு அந்தப் பெயர்) வாசிப்பவர்கள் அந்த மேல்சுரத்தை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அங்கிருந்து தொடங்கலாமா?

இன்னொன்று. அங்கே பாட்டெல்லாம் அந்தந்தக் குலத்துக்குச் சொந்தம். சடங்குக்கு உரியதை நானாக எடுத்து வாசிக்க விருப்பமில்லை. வெளியாளுக்கும் சொல்லித்தரும் யொல்ங்கு ஆசிரியர் இருந்தால் சொல்லுங்கள், எவ்வளவு தூரமானாலும் போகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை அனுப்பிவைக்க இப்போதே தயார்.