தம்பிக்குத் தாடையில நோகாத வீக்கம், பயொப்சி (சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்கிறது) எடுக்கத்தான் வேணுமா?

லிங்கநகர்ப் பிள்ளை:
நாங்க திருகோணமலை. தம்பிக்கு 23 வயசு, வலப்பக்கம் கடைசிக் கொடுப்புப் பல்லுக்குக் கீழ தாடை கொஞ்சங் கொஞ்சமா வீங்கிட்டு வருது, நோவே இல்ல, முதல் சூத்தைப் பல்லு எண்டு அன்ரிபயோட்டிக் குடுத்தும் வத்தேல்ல, இப்ப ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே) படத்தில எலும்புக்குள்ள கறுப்புக் குமிழி குமிழியாத் தெரியுது. அமெலோபிளாஸ்டோமா எண்ட தாடைக் கட்டியா இருக்கலாம், பயொப்சி எடுக்கோணும் எண்டு டொக்டர் சொல்றார். கத்தி பட்டா பரவிடும் எண்டு ஆரோ சொல்லி அம்மா ஒரே அழுகை. படத்திலயே தெரியுதுதானே, பிறகேன் வெட்டோணும்?

பல்லு டொக்டர் அண்ணா:
தங்கச்சி, படத்தை வச்சு சந்தேகப்படலாம், முடிவு சொல்லேலாது. அதே குமிழிக் கோலம் கெரட்டோசிஸ்ட், மிக்சோமா, ஜயன்ட் செல் கட்டி எண்ட வேற தாடைக் கட்டிகளிலயும் வரும், வைத்தியம் ஒவ்வொண்டுக்கும் வேற. வழமையான அமெலோபிளாஸ்டோமா புற்றுநோய் இல்ல, ஆனா எலும்புக்குள்ள ஊடுருவும், சும்மா சுரண்டி எடுத்தா திரும்ப வாற சான்ஸ் கூட, அதாலதான் சுத்திவர 1-2 சென்ரிமீற்றர் நல்ல எலும்பையும் சேத்து எடுக்கிறது. அமெலோபிளாஸ்டோமாவிலயே ஒரே குமிழியா வாற ஒற்றை அறை வகை சிலதுக்கு சின்ன ஒப்பரேஷன் காணும். 23 வயசுப் பெடியன்ட தாடையில எவ்வளவு வெட்டுறது எண்டது பயொப்சி ரிப்போட்டிலதான் இருக்கு. வெட்ட முதல் ஊசியால உறிஞ்சிப் பாக்கிறவங்க, ரத்தம் பாய்ஞ்சு வந்தா ரத்தநாளக் கட்டியா இருக்கலாம், அப்ப கத்தி வைக்க மாட்டாங்க.

உப்புவெளி ராணி:
எங்கட மாமிக்கு ரிப்போட்டில ஜயன்ட் செல் எண்டு வந்தது, உடன ரத்தத்தில கல்சியமும் பரத்தைரொயிட் (கழுத்தில கல்சியத்தைக் கட்டுப்படுத்துற சுரப்பி) ஹோர்மோனும் பாக்கச் சொன்னாங்க, ரெண்டுமே கூடவா இருந்தது! அந்தக் கழுத்துச் சுரப்பியிலதான் பிரச்சினை, அதை எடுத்த பிறகு தாடை எலும்பு தானா ஆறிச்சு. பயொப்சி எடுக்காம தாடையை வெட்டியிருந்தா என்ன கதி எண்டு யோசிச்சுப் பாருங்க.

லிங்கநகர்ப் பிள்ளை:
நன்றி அக்கா, அண்ணா. அப்ப பரவாது எண்டு அம்மாட்டச் சொல்லலாமா?

பல்லு டொக்டர் அண்ணா:
ஓம், தைரியமாச் சொல்லுங்க, பயொப்சியால இது உடம்பெல்லாம் பரவிறேல்ல. சின்னத் துண்டுதான் எடுக்கிறது, அதால ரிப்போட்டும் சிடி ஸ்கானும் பொருந்துதா எண்டு கிளினிக்கில கேளுங்க, பொருந்தாட்டி திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க, அதுக்குப் பயப்பிடாதீங்க. கீழ் உதடு விறைச்சாலோ வீக்கம் திடீரெண்டு கூடினாலோ கிளினிக் திகதி மட்டும் பாத்துக்கொண்டு இருக்க வேணாம், உடன கொண்டு போங்க.