Re: Re: சோல்-ஜெல் கலப்புக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமை அச்சு!

ஹட்டன் ஆசிரியை:
வணக்கம். உயர்தர மாணவரின் இரசாயனக் கண்காட்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. டெட்ராஎதொக்சிசிலேன் என்ற சிலிக்கன் சேர்வையை நீர்ப்பகுத்து, ஒடுக்கி, சிலிக்கா வலைக்குள் சேதன (காபன் சார்ந்த) கூட்டங்களையும் பின்னிச் செய்யும் பொருள்கள் பற்றி இரண்டு பக்கம். சோல் (நுண்துகள்கள் மிதக்கும் திரவம்), ஜெல் (அது இறுகியது), ஹைபிரிட் (சேதனமும் அசேதனமும் பின்னிய பொருள்) மூன்றுக்கும் சொல் வேண்டும். பிள்ளைகளின் வாயில் நுழைய வேண்டும்.

கோவை நண்பர்:
கூழ்மக்கரைசல், கூழ்மக்களி, கரிம-கனிமக் கலப்புரு. இலங்கையில் இன்னுமா சேதனம், அசேதனம்? சேதனம் என்றால் உணர்வு. வேதியியலர் வோலர் 1828இல் யூரியாவை ஆய்வுகூடத்தில் செய்தபோதே, இவை உயிர்களில்தான் உண்டாகும் என்ற உயிர்விசைக் கதை ஆட்டங்கண்டுவிட்டது.

பதுளை ஆசிரியர்:
வோலர் வந்து எங்கள் பரீட்சைத்தாளைத் திருத்த மாட்டார் ஐயா. அதில் இருப்பது சேதனம்தான். நீங்கள் சகப்பிணைப்பு என்பது இங்கே பங்கீட்டுவலுப் பிணைப்பு. அது கிடக்கட்டும், வைரமும் கரிதான். அதைக் கரிமத்தில் வைப்பீர்களா?

பேராதனை (ஓய்வுபெற்றவர்):
கூழ் ஓடும், களி நிற்கும். சோல், ஜெல் வேறுபாடு அவ்வளவுதான். குறள் 381இல் ‘கூழ்’ பொருளையும் குறிக்கிறது. களியோ இன்னும் சுவை: களிமண் அசேதனம், உளுந்தங்களி சேதனம்! ஹைபிரிட்டுக்கு என் முன்மொழிவு ‘புணர்பொருள்’. சாயத்தைச் சிலிக்காத் துளைகளில் அடைத்தால் ஐதரசன் பிணைப்பு, வந்தர்வாலிசு விசை என்ற வலுக்குறைந்த பிடிகள் மட்டுமே. வாழைமரம் போல இயல்புப் புணர்ச்சி. சிலிக்கன்-காபன் பிணைப்பால் சேதனக் கூட்டத்தை வலையிலேயே கட்டினால் அது விகாரப் புணர்ச்சி. அங்கே இரு ஐதரொட்சைல்கள் சேர்கையில் நீர் கழிகிறதே, மரம் + வேர் = மரவேர் என்பதில் மகரம் கெடுவது போல! திரிதலுக்கு உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன், நாளை எழுதுகிறேன்.

ஹட்டன் ஆசிரியை:
சேர், அருமை. ஆனால் பன்னிரண்டாம் தர வகுப்பில் ‘புணர்’ என்று எழுதினால் அன்றைய பாடம் அத்தோடு சரி.

கொட்டகலை ஆய்வு மாணவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் களியிலேயே நிற்கிறீர்கள். களி நடுவழியில் வரும் நிலைதானே? கரைப்பான் ஆவியானபின் மிஞ்சுவது பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடியில் கீறல் தடுக்கும் படலம். அதைக் களி என்றால் யார் நம்புவார்? தூய சிலிக்காப் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றரைத் தாண்டினால், உலர்கையில் துளைகளின் மயிர்த்துளை அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும். மெதைல் என்ற சேதனக் கூட்டம் சேர்ந்தால் வலை சற்று நெகிழும், தடிப்பாகப் பூசலாம், நீரும் ஒட்டாது. கண்ணாடியை உருக்குவது போன்ற வெப்பமும் தேவையில்லை. அதனால்தான் சேதனப் பகுதி கருகாமல் தப்புகிறது. சொல்லில் வர வேண்டியது இந்தக் குணம். முறைக்கு சோல்-ஜெல் என்றே விடுங்கள்.

கோவை நண்பர்:
தம்பி சொல்வது நியாயம். ஆனால் ‘கலப்பு’ என்றால் மணலும் உப்பும் கலந்தது போல ஆகிவிடும். பிணைப்பு உண்டாவது எங்கே போயிற்று?

பதுளை ஆசிரியர்:
ஒபிற்றல் கலப்பாக்கம் (அணுவின் இலத்திரன் வெளிகள் கலப்பது) படித்த பிள்ளைகள் அப்படி மயங்க மாட்டார்கள்.

கோவை நண்பர்:
ஒபிற்றல் வேறு, பொருள் வேறு. எனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்கிறேன்.

ஹட்டன் ஆசிரியை:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள். ‘சேதன-அசேதனக் கலப்புத் திரவியம்’ என்று போடுகிறேன். முறை சோல்-ஜெல், சோலுக்குக் கூழ்க்கரைசல், ஜெல்லுக்குக் களி. செய்துகாட்டலுக்கு சோடியம் சிலிக்கேற்றில் அமிலம் விடுகிறோம். இந்தக் குளிரில் இறுக நேரமெடுக்கிறது, முந்தியே கலந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பேராதனை:
டீச்சர், திரிதலுக்கு உதாரணம் கிடைத்துவிட்டது. அடிக்குறிப்புக்கு இடம் இருக்கிறதா?

பதுளை ஆசிரியர்:
இல்லை சேர்.