சீ இன்விசிபிலிட்டி போட்ட பிறகும் டிஸ்அட்வான்டேஜா?

கல்லடியில் நண்பர் ஒருவர் வீட்டில் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற பகடை, கதைவேட விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விளையாடுகிறோம், 2014 புத்தகங்களை வைத்து. டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், நான்தான். ஒரு சண்டை பாதியில் நிற்கிறது.

எதிரி இன்விசிபிள் ஸ்டாக்கர், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிராணி. எங்கள் விசார்ட் (மந்திரவாதி), ஐந்தாம் லெவல், சீ இன்விசிபிலிட்டி என்ற மந்திரத்தைப் போட்டுவிட்டு ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தை எறிகிறார். சீ இன்விசிபிலிட்டி கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இன்விசிபிள் நிலையின் இரண்டாவது வரியோ, அதைத் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அது தாக்கினால் அட்வான்டேஜ் (கூடியதை எடுப்பது) என்று மொட்டையாகச் சொல்கிறது. பார்க்க முடிந்தவருக்கு விலக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. "கண்ணுக்கு முன்னால நிக்கிறதை அடிக்க என்னத்துக்கு மச்சான் டிஸ்அட்வான்டேஜ்?" என்கிறார் விசார்ட். நியாயம்தான்.

மந்திர விவரம், நிலைகளைச் சொல்லும் பின்னிணைப்பு இரண்டையும் வரி வரியாகப் பார்த்தாயிற்று. 2024 புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: உன்னைப் பார்க்க முடிந்தவரிடம் அந்தச் சாதகம் செல்லாது. சரி, அதையே எடுப்போம் என்றால் அக்கரைப்பற்றிலிருந்து வரும் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரத்தை ஆடுபவர்) பிடித்துக்கொண்டார். 2024இல் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) உருட்டலில் 15 எடுத்து ஒளிந்தாலே இன்விசிபிள் நிலை கிடைக்குமே, அதையும் தரவேண்டுமாம். விடமாட்டார், ஆளைத் தெரியும்.

அடுத்த ஆட்டம் வருகிற போயா லீவில். 2014 ஆட்டத்தில் இன்விசிபிள் நிலையை மட்டும் 2024 வடிவில் எடுத்து, ஒளியும் விதியைப் பழையபடியே விட்டால், வேறு எங்காவது இடிக்குமா?