புதுப்பிப்பு: ஏற்காட்டு வாஷிங் மெஷின் நாற்றம் போயே போச்சு

போன மாசம் புலம்பியிருந்தேனே, ஃப்ரண்ட் லோடு மெஷினில் துவைத்த துண்டு ஊறிப்போன சாக்கு மாதிரி நாறுது என்று? மெக்கானிக் டிரம்மையே மாற்றணும்னார். மாற்றவில்லை.

கோளாறு கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில். மடிப்பை விரலால் விரித்தால், கீழ்ப்பக்கம் கருகருவென்று வழவழப்பாக ஒரு படலம். அதற்குள் ஒரு சேஃப்டி பின், ஒரு ரூபாய் காசு, எங்க நாயின் முடி. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க முக்கால் மணி நேரம். அடுத்து, முன்பக்கம் கீழே இருக்கும் ஃபில்டர். திறக்கும்முன் அடியில் தட்டு வையுங்கள்; நான் வைக்கவில்லை, அம்மாவிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் துணி போடாமல் 90 டிகிரியில் ஒரு ஓட்டம். இங்கே குழாய்த் தண்ணீரே ஜில்லென்று வரும். கரண்ட் மிச்சம் என்று நான் அதிலேயே துவைத்து, லிக்விடையும் தாராளமாக ஊற்றிவந்தேன். அலசிப் போகாத சோப்பும் அழுக்கும்தான் கிருமிக்குச் சாப்பாடு. இப்போ அரை மூடிதான். துண்டு, பெட்ஷீட்டெல்லாம் 60 டிகிரியில்.

பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொன்ன நண்பரே, வேண்டாம். குளோரின் வாயு வரும்.

கதவைத் திறந்தே வைக்கச் சொன்னீர்கள். சேலத்து வெயிலுக்கு அது போதும். இங்கே பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருதே! அதனால் ரப்பரைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் திறந்து வைக்கிறேன். மூன்று வாரமாச்சு, நாற்றமில்லை.