'வாண்ட்லுங்' என்பதற்குத் 'திரிவு': ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை மறுபடியும் ஒருமுறை படித்தேன். இருபதாம் நூற்றாண்டு ஜெர்மன் மொழி இலக்கியத்தில் கதைமாந்தர் ஒருவர் அடையும் உள்மாற்றத்தைக் குறிக்கும் 'வாண்ட்லுங்' என்ற சொல்லுக்கு 'உருமாற்றம்', 'மனமாற்றம்', 'ஆளுமை மாற்றம்' ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன். மடல் நீண்டால் பொறுத்தருள்க.

> உருமாற்றம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

அது புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். காஃப்கா 1912இல் எழுதி 1915இல் அச்சில் வந்த குறுநாவலின் தலைப்பு 'ஃபெர்வாண்ட்லுங்'. அதில் 'ஃபெர்' என்ற முன்னொட்டு சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று முற்றாக வேறொன்றாகிவிடுவதை, இளவரசன் தவளையாவதைப் போன்ற நாட்டுப்புறக் கதை மாற்றத்தை, ஜெர்மானியர் அந்தச் சொல்லால் சொல்வார்கள். நாவலாசிரியர் ஹெஸ்ஸே 1922இல் எழுதிய பிக்டோர் கதையில் ஒருவன் மரமாகிறான். அதன் தலைப்பிலும் இந்த ஃபெர்வாண்ட்லுங்தான் பன்மையில் வருகிறது. இவற்றுக்கு உருமாற்றம் மிகப் பொருத்தமான சொல். காஃப்கா கதையின் நாயகன் கிரேகோர் சாம்சாவிடம் மாறியது உருதான். பூச்சியாகிக் கிடக்கும்போதும் தவறவிட்ட ஐந்து மணி ரயிலையும் அலுவலகத்தில் கிடைக்கப்போகும் ஏச்சையும் எண்ணியே அவன் கவலைப்படுகிறான். பழைய விற்பனைப் பிரதிநிதியின் மனம் அப்படியே இருக்கிறது. அந்தக் கதையில் உள்ளுக்குள் மாறுகிறவள் தங்கை கிரேட்டே. அண்ணனுக்கு உணவு வைத்தவளே அவனை அப்புறப்படுத்த வேண்டும் என்று முதலில் சொல்கிறாள். கடைசி வரியில் இளமையோடு உடலை நெளித்து நிமிர்கிறவளும் அவளே. ஆகவே இந்த ஒரு கதையைப் பற்றி எழுதுவதற்கே நமக்கு இரண்டு சொற்கள் தேவை. அண்ணனுக்கு நேர்ந்தது உருமாற்றம் என்றால் தங்கைக்கு நேர்ந்தது என்ன?

மனமாற்றம் அன்றாட வழக்கில் ஒரு முடிவை மாற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. வீடு விற்க இருந்தவர் விற்காமல் விடுவதும் மனமாற்றமே. ஆளுமை மாற்றம் என்றதும் மனநல மருத்துவரின் குறிப்பேடு நினைவுக்கு வருகிறது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அம்மையார் ஒருவர் தம் மடலில், இவை எல்லாவற்றையும் 'பில்டுங்' (கற்றும் பட்டறிந்தும் ஆளுமை உருவாதல்) என்ற பழைய சொல்லுக்குள் அடக்கிவிடலாமே என்று கேட்டிருந்தார். அதற்கு விரிவாக விடை சொல்ல வேண்டும். கோதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் நாவல் 1795, 1796 ஆண்டுகளில் வெளிவந்தது. அவ்வகை நாவலுக்குப் பில்டுங்ஸ்ரோமான் என்ற பெயரை, இன்று எஸ்தோனியாவில் தார்த்து எனப்படும் டோர்பாட் நகரில் பேராசிரியராக இருந்த கார்ல் மோர்கன்ஷ்டெர்ன் 1819இல் தம் உரையில் எடுத்து விளக்கினார். பின்னர் தத்துவ அறிஞர் வில்ஹெல்ம் டில்தாய் அதைப் பரவலாக்கினார். இளைஞன் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பி, அலைந்து, தவறிழைத்து, கற்று, இறுதியில் சமூகத்தில் தனக்குரிய இடத்தில் வந்து அமர்வது அதன் போக்கு. அதற்கு 'ஆளாதல்' என்ற சொல்லை நான் பரிந்துரைப்பேன். 'அவர்தான் என்னை ஆளாக்கினார்' என்று நாம் நன்றியோடு சொல்கிறோம். 'உனக்கு ஆளாய்' என்று சுந்தரர் பாடும்போது அதே சொல் அடிமை என்ற பொருளைத் தருகிறது. 'பழிக்கு ஆளானான்' என்னும்போது உட்படுதல் என்ற பொருளைத் தருகிறது. பில்டுங் நாவலின் நாயகன் மனிதனாகிறான், கூடவே உலகத்துக்கு உட்பட்டும் விடுகிறான். இத்தகைய நாயகர்கள் கடைசியில் ஒரு பெண்ணையும் ஒரு பதவியையும் பெற்று மற்றவர்களைப் போலவே சராசரிக் குடித்தனக்காரராகிவிடுகிறார்கள் என்று ஹெகல் தம் அழகியல் உரைகளில் கேலி செய்தது இந்த இரண்டாம் பொருளைத்தான். பெண் பூப்பெய்துவதையும் ஆளாதல் என்று சொல்வோமே என்று சிலர் தயங்கக்கூடும். பருவம் எய்துவதும் இந்நாவல்களின் பொருளோடு சேர்ந்ததுதான் என்பதால் எனக்கு அது இடையூறாகத் தோன்றவில்லை.

ஆனால் முதல் உலகப்போரை ஒட்டிய காலத்தில் இந்த ஆளாதல் நம்பத்தக்கதாக இல்லாமல் போயிற்று. போய் அமர்வதற்குரிய சமூகமே சிதைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வாண்ட்லுங் முன்னே வருகிறது. ஜெர்மன் நாடகாசிரியர் எர்ன்ஸ்ட் டோலரின் முதல் நாடகத்துக்கு அதுவே தலைப்பு. 1919 செப்டம்பரில் பெர்லினில் அது அரங்கேறியபோது, மியூனிக் புரட்சியில் பங்கேற்றதற்காக டோலர் சிறையில் இருந்தார். அதன் நாயகன் ஃபிரீட்ரிஷ் ஒரு சிற்பி. தாய்நாட்டின் மீதுள்ள பற்றால் தானே முன்வந்து போருக்குப் போகிறான். திரும்பி வந்து தாய்நாட்டின் வெற்றிக்குச் சிலை வடிக்கிறான். போரில் சீரழிந்து பிச்சையெடுக்கும் ஒருத்தியையும் அவள் கணவனான பழைய போர்வீரனையும் கண்டதும் அந்தச் சிலையைத் தன் கையாலேயே உடைக்கிறான். இது படிப்படியாகக் கற்றுத் தேர்வது அன்று; ஓர் அடியில் நேர்வது. கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பமும் திராட்சை இரசமும் மாறும் நொடிக்கும் ஜெர்மனில் வாண்ட்லுங் என்றே பெயர் என்பதை இங்கே நினைவிற் கொண்டால், அந்தச் சொல்லின் கனம் ஜெர்மன் காதுக்கு எவ்வளவு என்பது விளங்கும். 1923இல் வெளிவந்த ஆர்ஃபியஸ் கவிதைகளில் கவிஞர் ரில்கே 'வாண்ட்லுங்கை விரும்பு' என்று கட்டளையிட்டு, உடனே நெருப்பைப் பேசத் தொடங்குகிறார்.

இனி என் முன்மொழிவு. 'திரிவு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

வாண்ட்லுங் பிறந்த வினைச்சொல் 'வாண்டெல்ன்'. அதற்கு மாறுதல் என்றும் பொருள். உலாவுதல் என்றும் பொருள். ஊர் ஊராக நடப்பதைக் குறிக்கும் 'வாண்டர்ன்' அதன் உடன்பிறப்பு. முறுக்குதல், சுற்றுதல் என்று பொருள்படும் 'விண்டன்' அதே குடும்பத்தின் மூத்த சொல். தமிழில் 'திரி' என்ற ஒரே வேரில் இந்த மூன்றும் இருக்கின்றன: காட்டில் திரிகிறான், பால் திரிந்துவிட்டது, கயிறு திரிக்கிறார்கள். (இரு மொழிகளுக்கும் மூல உறவு காட்டும் ஆராய்ச்சியில் யாரும் இறங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்குத் தற்செயலும் ஒரு கொடை.) ஹெஸ்ஸேயின் நாவல் நாயகன் சித்தார்த்தன் சிரமணத் துறவிகளோடு காடுகளில் திரிகிறான், திரிந்து திரிந்தே வேறு ஆளாகிறான். ரில்கேயின் நாவல் நாயகன் மால்ட்டெ பாரிஸ் தெருக்களில் நடந்தபடி 'பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று குறிப்பெழுதுகிறான். நடையும் மாற்றமும் பிரிக்க முடியாதபடி இருக்கும் இவ்வெழுத்துக்களை விளக்க, இரண்டையும் ஏந்திய சொல் தேவை.

> திரிபு என்றாலே கெட்ட பொருள்தானே? வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று நாள்தோறும் கேட்கிறோமே.

ஐயா எழுப்பிய இந்த மறுப்பு வலுவானது. அதனால்தான் திரிபை விட்டுவிட்டுத் திரிவைச் சொல்கிறேன். பழைய வழக்கில் திரிதல் இவ்வளவு கசப்பானதன்று. முல்லையும் குறிஞ்சியும் 'முறைமையின் திரிந்து' பாலை என்ற படிவம் கொள்ளும் என்று இளங்கோ சொல்வது கேட்டைத்தான் என்றாலும், 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்ற குறள் நன்மை தீமை இரண்டுக்கும் இடம் வைக்கிறது. நீர் எந்த நிலத்தில் சேர்கிறதோ அந்த நிலத்தின் தன்மையைப் பெறும். மாந்தர் அறிவும் சேர்ந்த இனத்தின் தன்மையைப் பெறும்.

தாமஸ் மானின் 1924ஆம் ஆண்டு நாவலான 'மாய மலை'க்கு இந்தக் குறளைவிட நல்ல முகப்பு வாசகம் எனக்குத் தோன்றவில்லை. ஹாம்பர்க் நகரத்து இளம் பொறியாளன் ஹான்ஸ் காஸ்டோர்ப், டாவோஸ் மலையில் காசநோய் மருத்துவமனையில் இருக்கும் உறவினனைப் பார்க்க மூன்று வாரத்துக்கு வந்து, ஏழு ஆண்டுகள் தங்கிவிடுகிறான். பகுத்தறிவு பேசும் செட்டெம்பிரீனி ஒரு பக்கமும், துறவும் பயங்கரமும் பேசும் நாஃப்தா மறுபக்கமும் அவனை இழுக்கிறார்கள். நிலமும் இனமும் நீரைத் திரியச் செய்கின்றன. ஆனால் அவன் எங்கே போய்ச் சேர்கிறான்? பனிப்புயலில் சிக்கிக் கனவு கண்டு, மனிதன் அன்பின் பொருட்டுச் சாவுக்குத் தன் எண்ணங்களின் மேல் ஆட்சியைத் தரலாகாது என்ற பேருண்மையை அடைகிறான். மருத்துவமனைக்குத் திரும்பி வயிறார உண்கிறான். அன்று மாலையே தான் நினைத்தது அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இறுதியில் போர்முனையின் சேற்றில் நம் கண்ணிலிருந்து மறைகிறான். இதை வளர்ச்சி என்பதா, வீழ்ச்சி என்பதா? திரிவு என்றால் இரண்டையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் இருக்கலாம். சொல்லில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய புளிப்பு எனக்குத் தேவையாகவே படுகிறது. ஹெஸ்ஸேயின் 1927ஆம் ஆண்டு நாவலில் ஐம்பதை நெருங்கும் ஹாரி ஹாலரும் புத்தகம் முடியும்போது முழுமையடையவில்லை. என்றாவது சிரிக்கக் கற்றுக்கொள்வேன் என்ற அளவில்தான் நிற்கிறான்.

சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் ஃபிரிஷ் 1954இல் எழுதிய நாவல் இந்தச் சொல்லுக்குக் கடினமான சோதனை. 'நான் ஷ்டில்லர் அல்லன்' என்று தொடங்கும் அந்த நாவலில், எல்லையில் பிடிபட்டவன் தான் வேறு ஆள் என்று சாதிக்கிறான். அரசும் மனைவியும் நண்பர்களும் அவனைப் பழைய ஆளாகவே அடையாளம் காட்டுகிறார்கள். திரிந்ததாகச் சொல்பவன் ஒருவன், ஒப்புக்கொள்ளாதவர் அனைவரும். 'மறுக்கப்பட்ட திரிவு' என்று எழுதிப் பார்த்தேன். பொருள் தெளிவாகவே வருகிறது. டோலர் எழுதிய வகையைத் 'திரிவு நாடகம்' என்னலாம். மாற்றம் நேரும் இடத்தைத் 'திரிவுக் கணம்' என்னலாம். கிரேட்டேயைப் பற்றி 'அண்ணனின் உருமாற்றமே தங்கையின் திரிவுக்குக் காரணமாகிறது' என்று எழுத முடிகிறது.

> இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று இருப்பதோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன். புணர்ச்சியில் ஓர் எழுத்து அடுத்து வரும் எழுத்தின் சேர்க்கையால்தான் திரிகிறது, இங்கும் அப்படியே. இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழ் வாசகருக்குத் தெரியும்.

எனக்குத் தீராமல் இருப்பது பிறவினைதான். 'திரிந்தான்' என்று எழுதலாம். 'அந்தச் சந்திப்பு அவனைத் திரித்தது' என்று எழுதினால், உள்ளதை மாற்றிச் சொன்னது என்ற பொருள் வந்து நிற்கிறது. பேச்சு வழக்கிலோ கயிறு திரிப்பது என்றால் புளுகுவது. மேலே நான் 'திரியச் செய்கின்றன' என்று சுற்றிவளைத்தது அதனால்தான். இதற்கு ஒற்றைச் சொல்லாக ஏதேனும் உங்களுக்குத் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். அதுவரை 'திரியச் செய்தல்' என்றே என் மொழிபெயர்ப்பில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினன்