ஒரே காசு, ரெண்டு புத்தகத்தில் ரெண்டு ராஜா. எதை நம்புவது?

அரசலாற்றங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பழைய பாத்திரக் கடையில், எடைக்குப் போட்ட செம்பு பித்தளைக்கு நடுவே கிடந்த மூன்று காசுகளை வாங்கி வந்திருக்கிறேன். முதலாவது செம்பு, இப்போதைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரு பக்கம் வேட்டி கட்டி நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் கைக்குக் கீழே நாகரி எழுத்து. "ராஜராஜன் காசு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர். சோழர் காசுகளைப் பற்றி பிடல்ஃப் 1968இல் எழுதிய நூலைப் புரட்டினேன், அதே உருவம் இருக்கிறது. சரி என்று மூடி வைத்தால், நண்பர் ஒருவர் காட்ரிங்டனின் இலங்கைக் காசுகள் நூலைக் காட்டுகிறார், அதிலும் அச்சு அசலாக இதே ஆள் நிற்கிறார்! படத்தை வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒன்றாகத்தான் தெரிகிறது. புத்தகத்தை எப்படித்தான் பார்ப்பது?

இரண்டாவது காசில் கிரீடம், அதன் கீழே ஆங்கில ‘சி’, அதற்குள் 7. மூன்றாவது சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், கன்னங்கரேல், இரண்டு பேர் நடுவில் ஒரு கம்பத்தோடு நிற்கிறார்கள்.

வெட்டாறு:
படத்தை முதலில் பார்த்ததுதான் சிக்கல் சார். இந்த வகையில் படம் கடைசியில்தான் பேசும். நிற்கும் ஆள், உட்காரும் ஆள் என்ற அமைப்பை ராஜராஜனும் (985–1014) போட்டான், அவனுக்கு நூற்றைம்பது, இருநூறு வருஷம் கழித்து இலங்கை அரசர்களும் அதையே வரிசையாகப் போட்டார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி எல்லோருக்கும் அதே ஆள்தான். எடையும் கைகொடுக்காது, எல்லாமே ஏறக்குறைய 4 கிராம்தான். அதனால் எழுத்து ஒன்றுதான் சாட்சி.

உட்கார்ந்த பக்கத்தை மேலே வைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியவே தெரியாது. ராஜராஜன் என்றால் மேலிருந்து ஸ்ரீ, ராஜ, ராஜ என்று மூன்று வரி. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதுதான் சோதனை. பெரும்பாலோர் ‘ஸ்ரீ ராஜ’ வரைக்கும் படித்துவிட்டு ராஜராஜன் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் லீலாவதி காசும் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்றுதான் தொடங்கும். கீழ் வரி தேய்ந்திருந்தால் பொலன்னறுவை ராணி தஞ்சாவூர் ராஜாவாகிவிடுவாள்.

இன்னொன்று, புத்தகத்தில் வரைந்த படம் போட்டிருந்தால் அது ஓவியர் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். தகட்டைவிட அச்சு பெரிதாக இருக்கும், அதனால் எந்தக் காசிலும் முழு வடிவம் விழுவதில்லை. நாலைந்து காசைப் பார்த்து ஒன்றாக்கி வரைந்த படமும் உண்டு. அந்த மாதிரி ஒரு காசு உங்கள் கையில் கிடைக்கவே கிடைக்காது. பழைய நூல்களில் படத்தைவிட, பக்கத்தில் எழுதியிருக்கும் விவரத்துக்குத்தான் மரியாதை.

முக்கியமானது: புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்கு பளபளக்கும், காசு செத்துப்போகும்.

தரங்கைவாசி:
இரண்டாவது எங்கள் ஊர்க் காசு அண்ணே! ‘சி’ எழுத்துக்குள் 7 என்றால் டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியன் (1766–1808). தரங்கம்பாடி 1620இலிருந்து 1845 வரைக்கும் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது, அவர்கள் அடித்த செம்புக் காசு இது. இதற்குச் சோழர் புத்தகத்தைத் திருப்ப வேண்டாம், ஜான் கிரே 1974இல் தரங்கம்பாடிக் காசுகளுக்கென்றே ஒரு சின்ன நூல் போட்டிருக்கிறார். அதில் முதலில் அரசரின் முத்திரையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பின்பக்கத்து மதிப்பைப் பாருங்கள், 4 காசா 10 காசா என்று ரோமன் எண்ணில் இருக்கும். நாகப்பட்டினம் டச்சுக் காசோடு இதைக் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கிரீடத்துக்குக் கீழே என்ன எழுத்து என்று பார்த்தாலே போதும்.

மணல்மேடு மாமா:
எதற்குத் துண்டு துண்டாகப் பத்து புத்தகம்? மிச்சினர் 1998இல் போட்ட தென்னிந்தியக் காசுகள் நூலில் தமிழ்நாடும் கேரளமும் உள்ள இரண்டாம் பாகத்தை வாங்கி வையுங்கள். புகைப்படம், எடை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சதுரச் செம்புக் காசு, யானை, புலி என்று சங்ககாலம் பக்கம் போனால் மட்டும் தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தியின் 1997 நூல் கட்டாயம் வேண்டும்.

வெட்டாறு:
மாமா, மிச்சினர் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கனத்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதைப் போலவே இருக்கிறது’ என்று படத்தை மட்டும் பார்த்து நூலின் பட்டியல் எண்ணைப் போடுகிறவர்கள்தான் அதிகம். தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எலியட் 1880களில் எழுதியதும் காட்ரிங்டன் 1924இல் எழுதியதும் இணையத்தில் இலவசமாகவே ஸ்கேனாகக் கிடைக்கின்றன. வாசகத்தைப் படிக்கப் பழக இவையே போதும். யாருடைய காசு என்பதற்கு மட்டும் புதிய நூலைப் பாருங்கள், எலியட் காலத்தில் சோழர் வரிசையே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

மூன்றாவதை யாரும் தொடவில்லையே. இரண்டு வீரர்கள், நடுவே ஒரே கொடிக்கம்பம் என்றால் ரோமானியக் காசு, கி.பி. 335ஐ ஒட்டித் தொடங்கிய வகை. அதற்கு முன் ஐந்தாறு வருஷம் இரண்டு கம்பம் இருந்தது. ரோமானியக் காசுகளைப் பட்டியலிடும் ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ நூல் வரிசையில் 7ஆம் தொகுதி 313–337, 8ஆம் தொகுதி 337–364. உங்கள் காசு இந்த எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது! தலைப்பக்கம் கான்ஸ்டன்டைன் பெயரா, மகன்களின் பெயரா, மகன் என்றால் சீசர் (இளவரசர்) பட்டமா அகஸ்டஸ் (பேரரசர்) பட்டமா என்று தெரிந்தால்தான் எந்தத் தொகுதி என்றே சொல்லலாம். அதற்கப்புறம் இந்தத் தொகுதிகள் அக்கசாலை (காசு அடித்த இடம்) வாரியாகத்தான் பிரிந்திருக்கும், அதனால் வீரர்களின் காலடியில் உள்ள எழுத்து வேண்டும். அது தேய்ந்திருந்தால் வகையைச் சொல்லி நிறுத்திவிடுங்கள், எண் போட வேண்டாம். கரூர் அமராவதி மணலில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அப்படித் தேய்ந்தவைதான். பார்த்துப் போலச் செய்தவையும் இலங்கையிலும் இங்கேயும் உண்டு.

திருவாரூர் தம்பி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கடையில் வாங்கியது சரி, வயலில் உழும்போது கிடைத்தால் கதை வேறு. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்தான், சட்டம் அப்படியே இருக்கிறது.

அரசலாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது வரி ‘ராஜ’ சந்தேகமே இல்லை. மூன்றாவது வரியில் முதல் எழுத்தின் தலைக்கு மேல் வளைந்து ஏறும் ஒரு கோடு இருக்கிறது, ‘ரா’வுக்கு அது வராதே?

வெட்டாறு:
வராது. காட்ரிங்டனில் லீலாவதி பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் எடுத்தால் இரண்டு பக்கமும் போடுங்கள், கூடவே ஆசாரி தராசில் எடையும்.